வெள்ளை மாவு... நீல உதடு!

"ஐயய்யோ... தலைவரைக் கொன்னுட்டாங்கய்யா!"

பாளையம்பட்டி முக்கில் அந்த அலறல் கிளம்பியபோது அருப்புக்கோட்டைக்கு இன்னும் சரியாக விடிந்திருக்கவில்லை.

அலறியவன் அருஞ்சுனை. தலைவருக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர் கொண்டுவந்த தொண்டன். செம்பு கீழே உருண்டு கிடந்தது. தண்ணீர் மண்ணோடு போய்விட்டது.

அவன் எதிரே, ஓலைப் பந்தலுக்குள், கோரைப்பாயில்...

காசிராஜன்!

மல்லாந்து கிடந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. பக்கத்து மண்ணில் வாந்தி. உதடுகள் இரண்டும்...

நீலம்!

கறுப்பு கலந்த நீலம்கூட இல்லை. மயில் கழுத்தில் இருக்குமே, அந்த நீலம்.

ஆனால் அந்த நிலையிலும் அவருடைய பேர்போன மீசை மட்டும் தலைகுனியவில்லை. இரண்டு பக்கமும் நிமிர்ந்தே நின்றது.

"செத்துட்டாரா?"

சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார் சப்-இன்ஸ்பெக்டர் பால்சாமி. முப்பத்திரண்டு வயது. விறைப்பான காக்கி உடுப்பு. மூக்குக்குக் கீழேதான் கொஞ்சம் பஞ்சம். யாரோ பென்சிலால் கோடு போட்டுவிட்டு, பாதியில் எழுந்து போன மாதிரி ஒரு மீசை.

ஏட்டு சோலைச்சாமி மண்டியிட்டு நாடி பிடித்துப் பார்த்தார்.

"இருக்குய்யா! நாடி ஓடுது. ஆனா கரி போட்டு ஓட்டுற பஸ்ஸு ஏத்தத்துல போற மாதிரி ஓடுது."

"அப்ப என்னய்யா பாத்துக்கிட்டிருக்கீரு? வண்டியக் கட்டச் சொல்லும்! ஆஸ்பத்திரிக்கு!"

மாட்டு வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கூட்டம் வாயைத் திறந்தது.

"மாவுல மருந்து இருக்குன்னு சொன்னாருல்ல... அதே மருந்த அவருக்கே வச்சுட்டானுக!"

"வேற யாரு? எதுத்தாப்புல ரேஷன் டெப்போ வச்சிருக்கிற பீர் மைதீன்தான்!"

"ஏலே... வாங்கடா பாத்துருவோம்!"

பால்சாமி தலைகளை எண்ணிப் பார்த்தார். பயந்துவிட்டார். நியாயமான பயம்தான். இருநூறு பேர் அங்கே. போலீஸ் மொத்தம் நாலு பேர், அதில் ஒருவருக்குக் காய்ச்சல்.

*

நடந்தது என்ன என்றால்...

வருஷம் 1946. உலகச் சண்டை முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. இரண்டு வருஷமாக மழையும் ஏமாற்றிவிட்டது. கரிசல் காட்டில் கம்பு காய்ந்து, சோளம் கருகி, கடைசியில் கப்பலேறி வந்தது மைதா மாவு.

பால் மாதிரி வெள்ளை! அந்த வெள்ளையைப் பார்த்ததும் காசிராஜனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காசிராஜன் மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்தே காளையின் வயதைச் சொல்லிவிடுவார். ஊர் நம்பும். ஆறு மாதமாக மாட்டை விட்டுவிட்டு மாவைப் பிடித்துக்கொண்டார். அதையும் ஊர் நம்பியது.

"கோதுமை என்ன நெறம்? செவப்பு! அந்தச் செவப்பு எங்கிட்டுப் போச்சு?" என்று முச்சந்தியில் நின்று கேட்டார். "வெள்ளைக்காரன் போறேன் போறேங்கிறான். சும்மா போவானா? சாந்தப் பொடியக் கலந்துல்ல அனுப்புறான்! ஒரு மாசம் தின்னா கோவம் வராது. ரெண்டு மாசம் தின்னா சொரணை போயிரும். மூணாம் மாசம்..."

இங்கே நிறுத்தி, மீசையை ஒரு முறுக்கு முறுக்குவார்.

"மீசை கொட்டிரும்!"

கூட்டத்தில் அத்தனை ஆண்களும் அனிச்சையாக மூக்குக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆதாரமும் வைத்திருந்தார். பரளச்சியில் ஒரு காளை மாவு மூட்டையை நக்கிவிட்டு உழப் போகாமல் படுத்துவிட்டதாம். பாலவனத்தத்தில் ஒருத்தன் ஒரு வாரம் மைதா தோசை தின்றுவிட்டு, மாமியார் திட்டியதற்குச் சிரித்தானாம்!

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆண்கள் மாவைத் தெருவில் கொட்டினார்கள்.

பெண்கள் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டார்கள். "சாந்தமா இருக்கட்டுமே, நல்லதுதான?" என்று ஏட்டு சோலைச்சாமியின் சம்சாரமே இரண்டு படி வாங்கி ஒளித்து வைத்திருந்தாள்.

கடைசியில், டெப்போவில் இருக்கும் எண்பது மூட்டை மாவையும் ஊரைவிட்டு வெளியேற்றாவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்து, டெப்போவுக்கு எதிரிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்தார் காசிராஜன்.

மூன்றாம் நாள் பொழுது விடிந்தால்... நீல உதடு!

*

"பொழைச்சுக்குவான்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே. "நல்லா வாந்தி எடுத்ததால தப்பிச்சான். உள்ள போயிருக்கிறது மயில்துத்தம். நீலக் கல்லு மாதிரி இருக்குமே, அந்த விஷம்."

"துத்தமா? அது எங்க கிடைக்கும்?"

டாக்டருக்கு முன்னால் சோலைச்சாமி பதில் சொன்னார்.

"இந்தப் பக்கத்துல ஒரே கடைதாங்கய்யா. டெப்போவ ஒட்டி ஒரு பலசரக்குக் கடை இருக்குல்ல..."

"யார் கடை?"

"பீர் மைதீன் பாய் கடை."

பால்சாமி கண்ணை மூடித் திறந்தார்.

அரை மணி நேரத்தில் பீர் மைதீன் ஸ்டேஷனில் நின்றார். ஐம்பது வயது. ஒல்லி உடம்பு. முழங்கைவரை மாவு ஒட்டியிருந்தது.

"பாய், மறைக்காமச் சொல்லும். நேத்துப் பந்தலுக்குப் போனீரா?"

"போனேங்கய்யா. சாயந்திரம் போனேன்."

"எதுக்கு? சண்டை போடவா?"

"சண்டையா? முப்பது வருசப் பழக்கம்யா! என் கடை வண்டிக்கு மொத மாடு பிடிச்சுக் குடுத்ததே அவருதான். ரெண்டு நாளாப் பட்டினி கெடக்காரேன்னு எனக்கு மனசு கேக்கல. ரெண்டு வெத்தலையும் பாக்கும் குடுத்துட்டு வந்தேன்."

"வெத்தலை குடுத்தீரா!" பால்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அதை வெளிய எவன்கிட்டயாவது சொன்னீரா?"

"கேட்டவுக எல்லாருகிட்டயும் சொன்னேன். என்ன தப்புங்கய்யா?"

அட, அப்பாவி மனுஷா!

வாசலில் அருஞ்சுனையின் குரல் வெடித்தது. "சூரியன் உச்சிக்கு வாரதுக்குள்ள பாய் மேல கேஸு எழுதணும்! இல்லேன்னா டெப்போ குடோனு சாம்பல்! பாயும் சாம்பல்!"

"சாம்பல்! சாம்பல்!" என்றது கூட்டம்.

பீர் மைதீன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா... என்னைய உள்ள போட்டுக்கங்க. ஆனா அந்த எம்பது மூட்டைய விட்டுறாதீக. அடுத்த லோடு தீவாளிக்குத்தான். அதுவரைக்கும் ஊர்ப் புள்ளைக என்னத்தத் திங்கும்?"

தனக்குத் தூக்குக்கயிறு ஆடிக்கொண்டிருக்கும்போது மாவுக்காக அழுகிற மனிதனைப் பால்சாமி அன்றைக்குத்தான் பார்த்தார். வாசலில் வேப்பமரத்தடியில் பாயின் மனைவி நூர் பீவி குடோன் சாவியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணி பத்து. உச்சிக்கு இரண்டே மணி நேரம்!

அந்த நேரம் பார்த்து, கூட்டத்தை இரண்டு முழங்கையாலும் இடித்துக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே நுழைந்தாள்.

"ஐயா! என் கஞ்சியக் களவாண்டுட்டாங்கய்யா!"

நெசவுக்காரர் தெரு சௌடம்மாள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். இப்போது கலந்துதான் வந்தது.

"ஏம்மா, இங்க ஒரு உசுரு ஊசலாடிக்கிட்டிருக்கு. நீ கஞ்சிக்கு வந்து நிக்கிற!"

"உங்களுக்குக் கஞ்சி. எனக்கு அதுதாங்கய்யா பொழப்பு! பத்துப் பேரைக் கூட்டிப் பாவு விரிச்சிட்டேன். பானையத் தொறந்து பாத்தா ரெண்டு அகப்பை கொறையுது! பாதிப் பாவு நனஞ்சும் பாதிப் பாவு காஞ்சும் கெடக்கு!"

பாவு என்றால் தெரியுமில்லையா? தெரு நீளத்துக்கு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவிட்டு விறைப்பாக்குவார்கள். அப்போதுதான் இழை அறுந்து போகாமல் தறியில் ஓடும்.

"ஏட்டு, இந்த அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போம்!"

"போறேன், போறேன்! ஏழை சொல்லு எந்த ஸ்டேஷன்ல எடுபடும்?"

சௌடம்மாள் போய்விட்டாள். பால்சாமி அன்றைக்குச் செய்த பெரிய தப்பு அதுதான்.

*

பதினொன்றரை மணி.

"ஐயா! முழிச்சிட்டாரு!"

பால்சாமி சைக்கிளைப் பறக்கவிட்டார். அப்பாடா... காசிராஜன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். பாய் பிழைத்தார்!

கட்டிலில் காசிராஜன் துவண்டு கிடந்தார். சுற்றிலும் தொண்டர்கள். பால்சாமி குனிந்து காதைக் கொடுத்தார்.

"காசிராஜன்... யாரு குடுத்தா? என்ன குடுத்தாக?"

நீல உதடுகள் அசைந்தன.

"பாய்... பீர் மைதீன்..."

"ம்?"

"வெத்தலை... குடுத்தான். போட்டேன். வாய்... எரிஞ்சுது..."

போச்சு!

பின்னாலிருந்து அருஞ்சுனை கத்தினான். "கேட்டீகளா? தலைவர் வாயாலயே சொல்லிட்டாரு! இன்னும் என்னய்யா வேணும்?"

பாதிக் கூட்டம் டெப்போவை நோக்கி ஓட ஆரம்பித்தது. அருஞ்சுனை கையில் மண்ணெண்ணெய் டின். மண்ணெண்ணெயும் ரேஷன்தான். அதையும் பாய் கடையில்தான் வாங்கியிருந்தான்.

"இன்னும் சரியாச் சொல்லும்," என்று பால்சாமி காதை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"பாய்தான்..."

"ஆ!"

அலறியது காசிராஜன் அல்ல. பால்சாமி!

காதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியிருந்தது. முள்? கம்பி?

இல்லை. மீசை!

பால்சாமி அதை உற்றுப் பார்த்தார். மூன்று நாள் பட்டினி... வாந்தி... வேர்வை... மயக்கம். டாக்டர் வாயைத் துடைத்திருந்தார். மீசையில் கை வைக்க மட்டும் அவருக்கும் துணிச்சல் வரவில்லை போலும். ஆளே துவண்டு போன பிறகு, மீசை மட்டும் ஏன் இந்த விறைப்பு?

விரலால் தட்டினார். டக்கென்று சத்தம் கேட்டது.

"காசிராஜன்... நாக்கை நீட்டும்!"

"எ... எதுக்கு?"

"நீட்டும்யா!"

நீட்டினார். பால்சாமி பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஏட்டு! ஓடும்! குடோனுக்குப் போற பயலுகளை மறியும். 'தலைவர் கூப்பிடுறாரு, கடைசி வார்த்தை சொல்லப் போறாரு'ன்னு சொல்லும். அத்தனை பேரும் திரும்பி வந்துருவானுக."

"சரிங்கய்யா!"

"அப்படியே பாயையும் கூட்டிட்டு வாரும். நெசவுக்காரர் தெருவுல அந்தக் கஞ்சி அம்மா... அவுகளை மரியாதையாக் கூட்டிட்டு வாரும்!"

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊரே கூடிவிட்டது. நடுவில் கட்டில். கட்டிலில் காசிராஜன். கால்மாட்டில், கண்ணீரோடு பீர் மைதீன்.

சூரியன் உச்சிக்கு ஒரு முழம் பாக்கி!

"எல்லாரும் நல்லாக் கேளுங்க," என்றார் பால்சாமி. "வெத்தலையில துத்தம் இருந்துச்சு, மென்னு தின்னேன்னு தலைவர் சொல்றாரு. அப்படின்னா வாய் என்ன நெறத்துல இருக்கணும்?"

"செவப்பா..." என்று இழுத்தது கூட்டம்.

"காசிராஜன், நாக்கு!"

நாக்கு வெளியே வந்தது. நீலம். பற்கள் மேல் நீலம். சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை!

பால்சாமி சட்டென்று குனிந்து காசிராஜனின் வேட்டி மடியை அவிழ்த்தார். வாடிப்போன இரண்டு வெற்றிலை. ஒரு கொட்டைப்பாக்கு. கட்டு கலையாமல் அப்படியே இருந்தது.

பீர் மைதீன் அதைப் பார்த்தார். "நான் குடுத்ததுதான்யா..." என்றார்.

"இது... சதி..." என்று முனகினார் காசிராஜன். "வேற வெத்தலை..."

"அம்மா, நீங்க வாங்க," என்றார் பால்சாமி. "இந்த மீசையக் கொஞ்சம் பாருங்க."

சௌடம்மாள் முன்னால் வந்தாள். இடுப்பில் கை வைத்து ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தரகர் மாட்டின் வாயைப் பிடிப்பதுபோல் காசிராஜனின் தாடையை ஒரு கையால் பிடித்தாள். மறுகையால் மீசை நுனியை ஆள்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள்.

மோந்து பார்த்தாள்.

"நல்லெண்ணெ வாசம்..." என்றாள். "மேலத்தெருக்காரி கஞ்சிக்குத் தேங்காண்ணெ ஊத்துவா. நான் நல்லெண்ணெதான் ஊத்துவேன்."

இன்னும் கொஞ்சம் உருட்டினாள்.

"உதுந்துச்சுன்னா வேற வீட்டுக் கஞ்சி. முறிஞ்சா..."

டக்!

"அய்யோ, அம்மா!" காசிராஜன் கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பினார். மீசை நுனி சௌடம்மாள் கையில் இருந்தது.

"இது என் கஞ்சி!" என்று வராந்தா அதிரக் கத்தினாள் அவள். "கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். இருபது வருசமாக் காச்சுறேன், எனக்குத் தெரியாதா என் கஞ்சி?"

"அம்மா, உங்க கஞ்சியில துத்தம் உண்டா?"

"போடாம? எறும்பும் கரப்பானும் பாவை அரிச்சுருமே! பாய் கடையிலதான் வாங்குனேன்."

"அரிசிக் கஞ்சியா?"

"அரிசிக்கு எங்கிட்டுப் போறது? மைதாதான்! முன்னெல்லாம் மாவு கெடைக்காது. இந்த மகராசன் 'திங்காதீக திங்காதீக'ன்னு சொல்லப்போயி, தெருவே கொண்டாந்து எனக்குக் குடுத்துச்சு. குண்டான் குண்டானாக் காச்சி வச்சேன்!"

கூட்டத்தில் எவனோ ஒருவன் முதலில் சிரித்தான். அடுத்தவன் தொற்றிக்கொண்டான்.

"காசிராஜன்," பால்சாமி குரலை இறக்கினார். "இப்பவாவது நிசத்தைச் சொல்லும். ஒரு மனுசன் தலை போக இருந்துச்சு."

காசிராஜனின் கண் கலங்கியது.

"பசிய்யா..." என்றார். "மொத நாள் தெரியல. ரெண்டாம் நாள் காது அடைச்சுப் போச்சு. மூணாம் நாள் கண்ண மூடினா இட்லியா வருது. பாவு போடுற வீட்டுல ஒத்தாசைக்கு வாரவுகளுக்குன்னு கம்பங்கூழு கரைச்சு வச்சிருப்பாகன்னு தெரியும். கோழி கூப்பிடப் பொறக்கடையில நுழைஞ்சேன். ரெண்டு பானை இருந்துச்சு. மசங்கல் இருட்டுல எதுன்னு தெரியல. அவதியில ரெண்டு அகப்பை உள்ள போன பெறகுதான் கசந்துச்சு."

"அதுக்குப் பாயை ஏன்யா மாட்டிவிட்டீரு?"

"ஊரு முழுக்க நிக்குது... தலைவர்ங்கிறாக. கஞ்சியத் திருடிக் குடிச்சேன்னு எப்படிய்யா சொல்றது?"

பீர் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபத்தில் கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, காசி?" என்றார். "கதவைச் சாத்திட்டு நானே ஊத்திருப்பேனே."

அந்த இடத்தில்தான் காசிராஜன் விம்மி அழுதார்.

அருஞ்சுனை மண்ணெண்ணெய் டின்னை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நூர் பீவி அதைக் கையோடு வாங்கிக்கொண்டாள். "ரேஷன் எண்ணெய்யி. கீழ ஊத்திறாத," என்றாள்.

"பொய்ப் புகார், களவு... ரெண்டுக்கும் சேத்து ஒரு வாரம் உள்ள இரும்," என்றார் பால்சாமி.

"லாக்கப்புல... சாப்பாடு என்னய்யா போடுவீக?" என்று தயங்கிக் கேட்டார் காசிராஜன்.

ஏட்டு சோலைச்சாமி பல்லைக் காட்டினார்.

"மைதாக் கஞ்சி!"

*

ஒரு வாரம் ஓடிப்போனது.

டெப்போ வாசலில் தள்ளுமுள்ளு! சட்டை கிழிகிறது, செருப்பு பறக்கிறது. தடியோடு ஓடி வந்த பால்சாமியைப் பீர் மைதீன் இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தினார்.

"கலவரம் இல்லைங்கய்யா! மாவு வாங்க வந்த கூட்டம்! எம்பது மூட்டையில மிச்சம் ரெண்டுதான்!"

"மாவா? ஊரே வேண்டாம்னுச்சே!"

சோலைச்சாமி தலையைச் சொறிந்தார்.

"லாக்கப்புல இருந்தே கெளப்பி விட்டுட்டாருங்கய்யா. மைதாவுல இருக்கிறது சாந்தப் பொடி இல்லையாம், வீரப் பொடியாம்! சீமைச் சிப்பாயிக மீசை வெறைச்சு நிக்கிற ரகசியமே இதுதானாம். நமக்குத் தெரியக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் இம்புட்டு நாளா மறைச்சு வச்சிருந்தானாம்!"

"இதையும் நம்புறானுகளா?"

"பின்ன? ஊரே கண்ணால பாத்துச்சே, அவரு மீசைய!"

பால்சாமி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். படிப்பில்லாத ஜனங்கள்! என்னத்தைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள். பாவம்!

அன்றைக்கு மத்தியானம், ஊர் உறங்கும் வெயிலில், நெசவுக்காரர் தெருவில் சௌடம்மாள் வீட்டுப் பின்கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

சௌடம்மாள் திறந்தாள்.

காக்கி உடுப்பு! தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு, கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு...

சப்-இன்ஸ்பெக்டர் பால்சாமி!

"அம்மா... அந்தக் கஞ்சி..." என்று தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நல்லெண்ணெ ஊத்துனது... கொஞ்சம் கிடைக்குமா? சும்மா... கேஸு விஷயமா."

சௌடம்மாள் அவர் மூக்குக்குக் கீழே இருந்த பென்சில் கோட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கினாள். தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள்.

"நல்லாத் தடவுங்கய்யா. ஆனா நாக்கு மட்டும் வெளிய வரக்கூடாது... உங்களுக்கும் உதடு நீலமாச்சுன்னா, பாவம், பாய் எத்தனை தடவைதான் ஸ்டேஷனுக்கு வருவாரு?"